துண்டு போடாத பேரம்

துண்டுக்குள் இரண்டு கைகள், மேலே துணி அசையாமல் கிடக்கிறது, அடியில் விரல்கள் விலை பேசுகின்றன, நாகூரில் முத்து வியாபாரிகளின் பிள்ளைகளான நாங்கள் பேச்சு வருவதற்கு முன்பே விரல் பிடிக்கக் கற்றவர்கள், அதனால்தான் வாப்பா தபால்காரர் கைமேலும் துண்டைப் போடுகிறார், சைகோனிலிருந்து மச்சானின் கடிதம், பிரெஞ்சுக்காரன் தபால் தலை அவன் எல்லையோட சரி மரைக்காரே, இந்தப் பக்கத்துக் கூலிய நீங்கதான் தரணும் என்கிறார் தபால்காரர், பிடிங்க பேசுவோம், இதுல பேச ஒண்ணுமில்லீங்க, அப்ப கொண்டு போம், போகட்டும்டா, நாளைக்கு இறங்கி வருவான் என்று வாப்பா என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார், வியாபாரி என்றால் திரும்பி வருவான், அவரோ தபால்காரர், வரவில்லை, கடிதம் கடலேறித் திரும்பிப் போனது, அடுத்ததும் அப்படியே, கதவுக்குப் பின்னால் என் அக்காள், செய்தம்மாள் லாத்தா, புருஷன் கையெழுத்தைக்கூடப் பார்க்காமல் நிற்கிறாள், கடைசியில் ஒரு கப்பல்காரன் வாய்வழியாக மச்சான் சொல்லியனுப்பினார், என் கடுதாசி வேணாம்னா நானும் வேணாம்னுதானே, பெருநாளைக்குள்ள பதில் வரலேன்னா முறிச்சுக்கலாம்.

லாத்தா எழுதிய பதிலோடு தபால் கச்சேரிக்கு ஓடுகிறேன், பழக்க தோஷம், ஜன்னல் வழியே போஸ்ட் மாஸ்டர் வேதமாணிக்கம் கைமேல் துண்டைப் போட்டுவிட்டேன், அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில், எடுங்க தம்பி, உங்க பேரத்தை பெர்ன்னு ஒரு மலையூர்ல ராஜாங்கங்களே பேசி முடிச்சாச்சு, அந்தத் தபால் கூட்டுல இந்த மாசம் நாமளும் சேர்ந்தோம், சைகோனும் சேர்ந்தது, ஒரே தலை, வீட்டுவாசல் வரைக்கும் போகும், சரி, வழியில சுமக்கிறவனுக்குப் பங்கு என்கிறேன், பங்கெல்லாம் பெரும்பாலும் இல்ல தம்பி, தலை வித்தவன் காசை அவனே வச்சுக்குவான், அது எப்படிக் கட்டும், போன கடுதாசிக்குப் பதில் வரும்ல, அந்தத் தலையை அவன் விப்பான், நான் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டேன், நேற்றுவரை பீரங்கியால் பேசிக்கொண்டவர்கள், நீ நம்பிக் கொடு, நான் நம்பிச் சுமக்கிறேன் என்று முடித்திருக்கிறார்கள், எங்கள் கடைத்தெருவில் எவனுக்கும் தோன்றாத யோசனை, ஆனால் அதன் மதிப்பு கடைத்தெருவில் பிறந்தவனுக்கல்லவா தெரியும், நெஞ்சு நிமிர்ந்து வீடு திரும்பினேன், ஏதோ நானே போய்ப் பேசி முடித்தவனைப்போல, இப்போதும் கனவில் அந்த மேசை வருகிறது, தாடிவைத்த தூதர்கள், நடுவில் பெரிய துண்டு, வாப்பா எழுந்து அதை உருவுகிறார், அடியில் எந்த விரலும் எதையும் நெரிக்கவில்லை.

பெருநாளைக்கு முன்பே பதில் வந்துவிட்டது, வாப்பா துண்டோடு எழுந்திருக்கிறார், தபால்காரர் கொடுத்துவிட்டு எதுவும் கேட்காமல் நடக்கிறார், என்னடா போறான் என்கிறார் வாப்பா, ஏமாற்றம்தான், லாத்தா உறையைக் கிழித்து அழுதுகொண்டே சிரிக்கிறாள், முறிக்கிறதாமே, பொட்டியக் கட்டிக்கிட்டு அடுத்த கப்பல்ல ஏறச் சொல்றாங்க, வாப்பா உறையை முத்தைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடிக்கிறார், ஒட்டிய தலையில் ஒரு பூமி உருண்டை, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், பாருடா, துண்டே போடலியே என்கிறார், அவர் தோளிலிருந்து நழுவியதை யாரும் எடுக்கவில்லை, உலகத்துக்கு மேலே, எல்லோரும் பார்க்க, கோத்தபடி இரண்டு கைகள்.