ஹயாத் பாஷா அனுப்பிய கையுறை

பார்சலைப் பிரித்த தேவசகாயத்துக்கு எரிச்சல் தலைக்கேறியது. அவன் கேட்டது ஈயக் கையுறை. வந்திருந்தது தோல்.

"இன்னா தம்பி, பேச்சையே காணோம்? அசல் எருமைத் தோல். கத்தியே இறங்காது," என்றார், பார்சலின் பின்னாலேயே வந்து நின்ற ஹயாத் பாஷா. ஆம்பூரில் தோல் பதனிடுகிறவர். தேவசகாயம் எக்ஸ்ரே எடுக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

தேவசகாயம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டான். இரண்டு விரல்கள் சிவந்து, நகங்கள் வெடித்திருந்தன. குழந்தைகள் துள்ளாமலிருக்க, எக்ஸ்ரே கதிர் பாயும்போதும் அவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கைதான். சென்னையில் எக்ஸ்ரே பயிற்சிக்குப் போன இடத்தில், ஆசிரியர் அந்த விரல்களைப் புரட்டிப் பார்த்தார். "இனிமே கதிருக்குள்ள நீட்டினா, வெட்டித்தான் எடுக்கணும்."

"சாயபு, கதிர் தோலைத் தாண்டிப் போய்டும். ஈயம்தான் தடுக்கும்."

"என் தோலைத் தாண்டியா? மழையே தாண்டாது."

"ரெண்டு மாசம் படிச்சிட்டு வந்திருக்கான், பேசாம இருப்பானா?" என்று சிரித்தார் டாக்டர் சாமிநாதன். "மாட்டிக்கப்பா."

தேவசகாயம் கையுறைக்குள் ஒரு சாவியைப் போட்டுப் படம் எடுத்தான். பிலிமைக் கழுவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். சாவியின் பல் ஒவ்வொன்றும் தெரிந்தது. கையுறை வெறும் புகையாக நின்றது.

ஹயாத் பாஷா உற்றுப் பார்த்தார். "சரி, ஒரு தோல் பத்தல. மூணு சேர்த்துத் தைக்கச் சொல்றேன்."

தேவசகாயம் சுவரில் முட்டிக்கொள்ளாத குறை.

அந்த நேரம் பார்த்து, கை ஒடிந்த மகளைத் தூக்கிக்கொண்டு ராஜம்மாள் வந்தாள். "ஒரு எடத்துல இருக்க மாட்டேங்கறா ஐயா."

"தேவசகாயம், பிடி. ஒரே தடவை," என்றார் டாக்டர்.

"ஒரே தடவைன்னுதான் ரெண்டு வருஷமா சொல்றீங்க. பிடிக்க மாட்டேன் சார்."

"அப்போ படம் எப்படி எடுப்பே? எடுக்க முடியலேன்னா நாளைலேருந்து வராதே."

தேவசகாயம் கையுறைகளைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். உலர்ந்த மணலை வாரி வாரி அவற்றில் நிரப்பி, வாயை இறுகக் கட்டினான். திரும்பி வந்து, முறிவைத் தொடாமல், மேசையில் கிடந்த குழந்தையின் மேல்கையில் ஒன்றும் உள்ளங்கையில் ஒன்றுமாக அந்தக் கனத்த கையுறைகளைப் படுக்க வைத்தான்.

குழந்தை அழுகையை நிறுத்தி, தன் கையைப் பிடித்திருந்த கொழுத்த கையை முறைத்தது. "இது யாரு?"

எல்லாரையும் வெளியேற்றி, சுவருக்கு அப்பால் நின்று அவன் ஸ்விட்சை அழுத்தினான்.

படம் பளிச்சென்று விழுந்தது. யார் விரலும் அதில் இல்லை.

"பாத்தீங்களா டாக்டர்?" ஹயாத் பாஷாவின் முகம் மலர்ந்தது. "என் கையுறை வேலை செய்யுது. இன்னும் ஒரு டஜன் அனுப்பறேன்."

"சாயபு, ஈயம்..."

"ஈயம் இல்லாமலேதான் வேலை முடிஞ்சுபோச்சே."

டாக்டரும் தலையாட்டினார்.

தேவசகாயம் வெடித்த விரல்களைச் சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டு, மணலைக் கொட்டாமலே அந்தக் கையுறைகளை இடது கையால் அலமாரிக்குள் தள்ளினான்.