மரக்கட்டை வைத்த இடம்

புவி அறிவியல் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டவளுக்கு இடித்த இடம் ஒன்றுதான்: பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். இரண்டு தேறிவிட்டன. மூன்றாவதுக்குக் கல்லூரிப் பேராசிரியரைப் போனில் பிடித்தாள்.

"எந்த வருஷம்மா நீ? சரி சரி. நீயே எழுதி அனுப்பிடு, கையெழுத்துப் போட்டுடறேன்."

அவள் வேலை செய்வது ஒரு தகரக் கொட்டகையில். துளை போட்டு ஆழத்திலிருந்து எடுத்த பாறைத் தண்டுகளை நீளப் பெட்டிகளில் அடுக்கி, மேலிருந்து கீழாக மீட்டர் கணக்கில் குறிப்பெழுத வேண்டும். நாலு வருஷமாகப் பேச்சுத் துணை பாறைகள்தான். எதிர்த்துப் பேசாத ரகம்.

தன்னைத் தானே புகழ வாய் வராமல், துணிக்கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கேட்டாள்.

"உனக்கு விக்கத் தெரியாது. படிப்புக்கும் வேலைக்கும் நடுவுல ரெண்டு வருஷம் ஓட்டை இருக்கே, அதை உள்பக்கமா மடிச்சுடு. கிழிசலைக் காட்டியா துணியை விரிப்பாங்க?"

"அம்மாவைப் பாத்துக்கிட்டது கிழிசலாண்ணே?"

"வாங்கறவன் கண்ணுக்குச் சொல்றேன். இரு, கடையில ஆள் வந்துடுச்சு."

அம்மா படுக்கையில் கிடந்த அந்த இரண்டு வருஷமும் அவன் இப்படித்தான். வாராவாரம் பழம் வரும், ஆள் வராது.

பெட்டி அடுக்குவதில் ஒரு வழக்கம் உண்டு. பாறை நொறுங்கிக் கைக்கு வராமல் போன இடத்தில் அக்கம்பக்கத்துத் துண்டுகளை நெருக்கி வைத்தால் பார்க்க லட்சணமாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும். அதனால் அங்கே ஒரு மரக்கட்டையைச் செருகி, எத்தனை மீட்டர் கிடைக்கவில்லை என்று எழுதிவிடுவார்கள்.

சாப்பாட்டு வேளையில் பெட்டி மேல் உட்கார்ந்து கடிதத்தை அடித்தாள். 'பொறுமைசாலி. கணக்கில் சுமார்.' பேராசிரியர் பெயரில் எழுதும் இரவல் பேனாவிலும் கஞ்சத்தனம். அந்த இரண்டு வருஷம் வந்ததும் கை பழக்கத்தில் ஓடிவிட்டது: 'இரண்டு ஆண்டுகள்: எதுவும் கிடைக்கவில்லை. கட்டை வைக்கப்பட்டுள்ளது.' அனுப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது. பதறிப் பேராசிரியரைக் கூப்பிட்டாள்.

"அப்பவே கையெழுத்துப் போட்டு ஏத்திட்டேனேம்மா. நல்லா எழுதியிருந்தே."

"படிச்சீங்களா சார்?"

"பாத்தேன்."

படிப்பு கைநழுவியது என்றே முடிவு கட்டிக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. தேர்வுக் குழுவில் இருந்த பாறையியல்காரி ஒருத்தி எழுதியிருந்தாள்: 'நேர்காணலுக்கு உங்களை அழைக்கிறோம். பரிந்துரையில் கட்டை வைத்தவர் யாராக இருந்தாலும் நேர்மையானவர். அந்த இடத்தில் என்ன இருந்தது என்று முன்கூட்டியே எழுதி அனுப்ப முடியுமா?'

இரண்டு தடவை படித்தாள். யாரிடமாவது சொல்லலாம் என்று நிமிர்ந்தாள். கொட்டகை முழுக்கப் பெட்டிகள். அண்ணனைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அம்மா போன அன்று வீடு கொள்ளாத கூட்டம். அதில் ஒருவரும் கேட்காத கேள்வியை முகம் தெரியாத ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

பெட்டி மேல் உட்கார்ந்தாள். வழக்கப்படி மேலிருந்து, அதாவது கடைசியாகப் படிந்ததிலிருந்து தொடங்கினாள்:

'கடைசி நாள் காலையில் அம்மா ஜன்னலைத் திறக்கச் சொன்னாள்.'