முதலில் மூக்கு, பிறகு காரணம்

அந்த ஓட்டலில் அறைகளின் சுத்தத்தைச் சரிபார்க்கும் மேற்பார்வையாளருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் மூக்கம்மா. கதவைத் திறந்து வாசலிலேயே நிற்பாள். மூக்கு ஒரு தரம் விடைக்கும். "ச்சீ" என்றால் அறை தேறவில்லை. அப்புறம்தான் உள்ளே போய்க் குற்றம் தேடுவாள். கட்டிலுக்கடியில் ஒரு முடி, குழாயடியில் ஒரு சோப்புக் கறை, ஒன்றும் அகப்படாவிட்டால் திரைச்சீலையின் மடிப்பு. கிடைக்கிற வரைக்கும் தேடினால் கிடைக்காமல் எங்கே போகும்? ஆனால் அவளைக் கேட்டால், "காரணம் இல்லாம நான் யாரையும் எதையும் தள்ளினதில்ல" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வாள்.

புதிதாகச் சேர்ந்த பணிப்பெண்ணைப் பார்த்ததும் அதே "ச்சீ" தொண்டை வரை வந்தது. அந்தப் பெண்ணின் கைகள் தோல் உரிந்து, விரலிடுக்குகளில் வெடித்து நீர் கசிந்தன. கரப்பான் என்கிற தோல் வியாதிதான், யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். மூக்கம்மா பெரிய மனதோடு தலையாட்டினாள். அன்று மதியம் சோறு இறங்கவில்லை. அந்தக் கை தொட்ட தலையணை உறையை நினைத்தாலே குமட்டியது.

அதன் பிறகு மேனேஜரிடம் காரணங்கள் வரிசையாகப் போயின. மந்தமாக இருக்கிறாள், மூலைமுடுக்கைப் பார்ப்பதில்லை, நேரத்துக்கு வருவதில்லை. ஒவ்வொன்றையும் மூக்கம்மா உண்மை என்றே நம்பினாள். அதுதான் கேவலம்.

சோதனைக் காலம் முடிந்து, புதியவளை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு சொல்ல வேண்டிய நாள் வந்தது. அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பே எரிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அன்று காலை மூக்கம்மா கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று போனாள். புதியவள் துடைத்த அறை என்று ஒரு கதவைத் திறந்தாள்.

"ச்சீ!"

நடையில் தள்ளுவண்டியோடு வந்த பழைய பணிப்பெண்ணைக் கூப்பிட்டாள்.

"நீயே பாரு. தரையில தண்ணி காஞ்ச தடம். கண்ணாடி பூரா விரல் ரேகை. விரிப்பு ஒரு பக்கம் தொங்குது. இவளை எப்படி வெச்சுக்கிறது?"

பழையவள் அறையைப் பார்த்தாள், மூக்கம்மாவைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மேடம், அவளுக்கு நேத்து கீழ்மாடி. நீங்க லிஃப்டுல ஒரு மாடி தள்ளி எறங்கிட்டீங்க. இந்த ரூமை ஆள் இல்லைன்னு நேத்து நீங்கதானே தொடச்சீங்க?"

மூக்கம்மாவுக்கு முகத்தில் சாணி அடித்தது போல் இருந்தது. அவள் துடைத்த அறையே அவளுக்கு நாறியிருக்கிறது! இத்தனை நாள் காரணம் காரணம் என்று பெருமையடித்துக்கொண்ட மூளை மூக்குக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தம்பி மனைவியோடு பேச்சை நிறுத்தியதற்கும் கைவசம் நாலு காரணம் வைத்திருந்தாள். யோசித்துப் பார்த்தால், தம்பி மனைவி சாப்பிடும்போது சப்புக்கொட்டியதுதான் ஆரம்பம். தன்னை நினைக்க மூக்கம்மாவுக்கு அருவருப்பாக இருந்தது. கழுவிவிட்டுப் போகிற அழுக்கா அது?

மேனேஜர் அறைக்குப் போனபோது புதியவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"மந்தம், லேட்டு. நீங்க சொன்னதுதானே? அனுப்பிடலாமா?" என்றார் மேனேஜர்.

"வேண்டாம் சார். இருக்கட்டும்."

"ஏங்க, நேத்து வரைக்கும் அவ்வளவு காரணம் சொன்னீங்களே?"

"அவ கை எனக்கு அருவருப்பா இருந்துச்சு. அவ்வளவுதான் சார். மத்ததெல்லாம் நான் அப்புறம் சேர்த்துக்கிட்டது."

சொல்லிவிட்டுப் புதியவளைப் பார்த்தாள். ஒரு நன்றியையாவது எதிர்பார்த்தாள் போல.

"எனக்கு வந்த அன்னிக்கே தெரியும் மேடம்," என்றாள் அவள். "உங்களுக்குத்தான் இவ்வளவு நாளாச்சு."