வரி விடாமல் வாசிக்க வேண்டிய கடிதம்

சுகர் லேண்ட் தமிழ் ஜெபக்குழுவில் கடிதம் வாசிக்கும் பழக்கம் வந்ததே வாட்ஸ்அப் புண்ணியத்தில்தான். ஃபார்வர்ட் செய்கிற எதையும் யாரும் படிப்பதில்லை. கைகூப்பும் எமோஜியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சலித்துப்போன செல்வின், இப்போது குழுவை நடத்துகிறவர், ஆதிக் கிறிஸ்தவச் சபையார் செய்தபடி செய்வோமே என்றார். அந்தக் காலத்தில் ஒரு சபைக்குக் கடிதம் வந்தால் ஒருவர் எழுந்து நின்று முழுசாக வாசிப்பார். எழுத்துத் தெரியாதவர்களும் கேட்பார்கள். பிறகு அது அடுத்த ஊர்ச் சபைக்குப் போகும். அப்படியே சான்டா கிளாராவிலிருந்து சுகர் லேண்டுக்கும், இங்கிருந்து நியூ ஜெர்சிக்கும் காகிதக் கடிதம் சுற்ற ஆரம்பித்தது. முன்கூட்டிப் பிரிக்கக் கூடாது, ஒரு வரியும் விடக் கூடாது என்பது ஏற்பாடு.

இந்த ஞாயிறு ஹெப்சிபாவின் முறை. அவளுக்கோ மனசே சரியில்லை. பின் வரிசையில் பியூலா உட்கார்ந்திருந்தாள். பல வருஷம் ஒட்டிக்கொண்டு திரிந்த சிநேகிதி. போன கிறிஸ்துமஸில் பிள்ளைகளின் நாடகம் தமிழிலா இங்கிலீஷிலா என்று தொடங்கிய பேச்சு, உன் தமிழ் உன் பிள்ளைக்கே புரியவில்லை என்று பியூலா எல்லார் முன்னாலும் சொன்னதில் போய் முடிந்தது. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. இப்போது பியூலா அடுத்த வாரத்திலிருந்து ஃப்ரீவே பக்கத்து இங்கிலீஷ் சர்ச்சுக்கே போய்விடப் போகிறாளாம். போனால் போகட்டும் என்று ஹெப்சிபா எல்லாரிடமும் சொன்னாள். வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது அழுதாள்.

கடிதம் சாம்ராஜ் அங்கிளுடையது. குழுவைத் தொடங்கியவர். மகனோடு சான்டா கிளாராவுக்குக் குடிபோய்விட்டார். பெரியவர் வருத்தப்படுவார் என்று இந்தச் சண்டையைப் பற்றி யாரும் அவரிடம் மூச்சுவிடவில்லை. கடிதம் முழுக்கக் கண் ஆபரேஷனும், பேரனின் குறும்பும், அங்கே கிடைக்கும் முருங்கைக்காயின் லட்சணமும்தான். ஹெப்சிபா மளமளவென்று வாசித்துக்கொண்டு போனாள். கடைசியில் ஒவ்வொருவர் பெயராக வாழ்த்துச் சொல்லியிருந்தார். செல்வின் வீட்டாரைத் தாண்டி அடுத்த வரிக்கு வந்ததும் அவள் கண் நின்றுவிட்டது.

விட்டுவிட்டால் இங்கே யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நியூ ஜெர்சியில் யாரோ இதை உரக்க வாசிக்கத்தான் போகிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. அங்கிள் நிஜமென்று நம்பி எழுதியது பொய்யாகிப் போனதே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. வாசித்தாள்.

"ஹெப்சிபாவும் பியூலாவும் வழக்கம்போலப் பின் வரிசையில் தொணதொணத்துக்கொண்டிருப்பார்கள். பேச்சை நிறுத்திவிட்டு இதைக் கேட்கச் சொல்லவும்."

செல்வின் கார்ப்பெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெப்சிபாவுக்கு மேற்கொண்டு எழுத்து தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

"நிறுத்தணும்னா மொதல்ல ஆரம்பிக்கணும்ல, ஹெப்சி," என்றாள் பியூலா. பக்கத்து நாற்காலியில் இருந்த ஹேண்ட்பேகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹெப்சிபா கடிதத்தைச் செல்வின் கையில் திணித்துவிட்டுப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் அப்டி சொல்லிருக்கக் கூடாதுடி," என்றாள் பியூலா, அவள் காதோரம்.

"எனக்கும் வாய் சும்மாவா இருந்துச்சு? சர்ச் மாத்துறேன்னு சொன்னியாமே, நெஜமாவா?"

மிச்சக் கடிதத்தைச் செல்வின்தான் வாசித்தார். பின் வரிசைச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் காதில் விழாததால், அதை இன்னொரு தடவை வாசிக்க வேண்டியதாயிற்று.