ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்

சுற்றுலாக் கம்பெனியின் வெளிநாட்டுப் பெண் எங்கள் வீட்டைப் பார்க்க வந்த அன்று அக்கா பெல்டன் தலைநகர் திம்புவில் இருந்தாள், ஆஸ்திரேலிய விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்காக. கம்பெனிக்காரர்கள் நம் வீட்டைப் பயணிகள் தங்க எடுத்துக்கொண்டால் போகவே மாட்டேன், அவர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு மகளோடு இங்கேயே இருந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மகளுக்கு இரண்டு வயது.

அந்தப் பெண் கழிப்பறையைப் பார்த்தாள், மெத்தையை அழுத்திப் பார்த்தாள், பூஜை அறை வாசலில் செருப்பைக் கழற்றினாள். அவளுக்கு வீடு பிடித்துவிட்டது. கூட வந்த வழிகாட்டி சிக்னல் தேடி வெளியே போயிருந்ததால், எட்டாம் வகுப்போடு நின்ற நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஊர்க்காரர்கள் மனதார விரும்பினால்தான் ஆட்களை அனுப்புவோம், யாரையும் வற்புறுத்தமாட்டோம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள்.

அப்பா வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "ஐயையோ, வேண்டாம்மா. எங்க வீடு அதுக்கெல்லாம் லாயக்கில்ல. மேல் வீட்ல கேளுங்க."

எங்களுக்குச் சோறு போட வந்தாலும் இப்படித்தான் சொல்வோம். முதல் தடவையே சரி என்பவனை அலைகிறவன் என்பார்கள். போடுகிறவர் விடமாட்டார். மூன்றாம் தடவை தட்டு தானாக நீளும்.

இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது சுட்டது.

"நோ, மேடம்" என்றேன்.

அவள் நெஞ்சில் கைவைத்து, வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி என்று கும்பிட்டாள். கையிலிருந்த ஃபைலை மூடிவிட்டு எழுந்து போனாள்.

அப்பா சிரித்த முகம் மாறாமல் உட்கார்ந்திருந்தார். "எங்கடி போறா? கக்கூஸுக்கா?"

"கெளம்பிட்டாங்கப்பா."

"இன்னும் ரெண்டு தடவ கேக்கவே இல்லையே."

"கால்ல விழுந்து கூப்பிட நீ என்ன புது மாப்பிள்ளையா?" என்றாள் அம்மா. அப்போது அவளும் விளையாட்டாகத்தான் சொன்னாள்.

மறுநாள் அப்பா பாலத்தடிக்குப் போய் வழிகாட்டியைப் பிடித்தார். மேல் வீட்டுக்காரர் உடனே தலையாட்டிவிட்டாராம். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வீடு போதுமாம். வேண்டாம் என்றவர்களை மறுபடி தொந்தரவு செய்யக் கூடாது என்பது அவர்கள் விதியாம்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டாள். வேண்டாம் என்றார் என்றேன்.

"நீ என்ன சொன்ன?"

"அதையேதான்."

அவள் திட்டியிருக்கலாம். அதற்குப் பதில், தான் போன பிறகு பாப்பாவுக்குச் சளி பிடித்தால் என்ன கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.