கோதுமைத் தட்டில் எழுதிய வார்த்தை

அப்பா இறந்த நாற்பதாம் நாளுக்காக வேகவைத்த கோதுமை, கட்டிலில் வெள்ளைத் துணியின்மேல் உலர்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே அம்மா ஒருக்களித்துப் படுத்து அதை விரலால் அளைந்துகொண்டிருந்தாள். கோதுமை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கடல் வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து கூரையில் ஆடியது. கோதுமை கிடந்தது அப்பா படுக்கும் பக்கம். அம்மா தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்கே கண் சொக்கியது.

மறுநாள் கோயில் பூசைக்காகச் சாயங்காலம் கோதுமையோடு திராட்சையும் மாதுளையும் கலந்து தட்டில் குவித்தோம். ஈரம் ஏறாமலிருக்க மேலே வறுத்த மாவு, அதற்கு மேல் பொடித்த சர்க்கரை. காகிதம் வைத்து அழுத்தியதும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் ஆனது. அதில் வெள்ளி மிட்டாய்களால் ஒரு சிலுவையும் இறந்தவர் பெயரின் முதல் எழுத்தும் வைப்பார்கள். எங்கள் தீவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

காப்பி போட்டுக்கொண்டு திரும்பினால், அம்மா ஒரு முழு வார்த்தையையே எழுதி முடித்திருந்தாள். 'கிளிகிதாத்தோ'. பழைய கிரேக்கத்தில் 'மிகவும் இனியவருக்கு' என்று பொருள். எங்கள் கோயில் சுவரில் பழங்காலத்துக் கல்லறைப் பளிங்கு ஒன்றைத் தலைகீழாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதிலிருக்கும் வார்த்தை. சின்ன வயதிலிருந்து பூசை நேரமெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்தே அம்மாவுக்கு மனப்பாடம்.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் தங்கை அனெஸ்ஸோ அத்தை உள்ளே வந்தாள்.

"அண்ணி, என்ன கூத்து இது? எங்கண்ணனுக்கா? அவன் நாக்குல தேனைத் தடவினா தேனே கசந்திருக்குமே! நாளைக்கு சாமியார்லருந்து மீன்காரன் வரைக்கும் சிரிக்கப்போறான். ஸம்பெத்தா, நீயாவது சொல்லேன்டி," என்றாள் என்னிடம்.

அத்தை சொன்னதில் பொய் இல்லை. அப்பா ஸ்தமாதிஸ் வாய் திறந்தால் வசவுதான். அவருக்குப் பயந்தே நான் ஏதென்ஸுக்குப் படிக்கப் போனேன், அங்கேயே பழைய கிரேக்கம் சொல்லித்தரும் வாத்தியாராகிவிட்டேன். ஊர் நடுவில் அம்மா கேலிப்பொருளாக நிற்கக்கூடாது. மிட்டாய்களைச் சுரண்டி எடுக்க ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அந்தக் காலத்துல செத்தவங்க எல்லாருக்கும் கல்லறையில இதைத்தான் வெட்டினாங்க. புருஷன், புள்ள, பால் குடுத்த தாதி, யாரா இருந்தாலும். அது வெறும் வழக்கம்மா. அழிச்சிட்டு அப்பா பேரோட முதல் எழுத்து மட்டும் வைக்கலாம்."

"எல்லாரும் வெட்டினா, எல்லாருமா பொய் சொன்னாங்க?" என்று கேட்டாள் அம்மா.

நான் கத்தியை முதல் மிட்டாயருகே கொண்டுபோனேன்.

"அந்த மனுஷன் இனிப்பா இருந்தாருன்னு நான் எங்கடி சொன்னேன்?" அம்மா சர்க்கரை ஒட்டிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாழ்ந்த காலம் முழுக்க நான் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்ல. கோயில்ல நிக்கிறப்பெல்லாம் நெனப்பேன், இன்னிக்குக் கூப்பிட்டுப் பாப்போம்னு. வீட்டுக்கு வந்தா அவரு எதுக்காவது கத்திக்கிட்டிருப்பாரு. நானும் அடுப்பைப் பாத்துத் திரும்பிக்குவேன். கூப்பிட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரோ."

அத்தை நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு வைத்திருந்த காப்பியைக் குடித்தாள். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

மறுநாள் கோயிலில் சிலர் சிரிக்கத்தான் செய்தார்கள். மீன்காரன் தன் பெண்டாட்டியை முழங்கையால் இடித்ததை நானே பார்த்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு எங்கோ மிதப்பவள்போல நின்றாள். பிரார்த்தனை முடிந்ததும் வழக்கப்படி அத்தை கரண்டியை விட்டுச் சர்க்கரையும் மாவும் கோதுமையும் ஒன்றாகும்படி கிளறிவிட்டாள். ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிக்கொண்டு எல்லோரும் போனார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அப்பாவின் கல்லறைக்கு வந்தாள்.

இன்னும் கல் வைக்காத வெறும் மண்மேடு. அம்மா முட்டி போட்டு உட்கார்ந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீ இங்க என்னத்துக்கு நிக்கிற? வாசக்கதவுகிட்ட போய் நில்லு. திரும்பிப் பாக்காத."

வாசற்கதவருகே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். சைப்ரஸ் மரங்களில் காற்று ஓய்ந்திருந்தது. பிறகு அம்மாவின் குரல், முணுமுணுப்பாக, அந்த ஒரே வார்த்தை. அதற்குப் பின்னால் ஒரு சின்னச் சிரிப்பு. அம்மா வெட்கப்பட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை.