காரில் அடுப்படிக் கையுறை

பாலைவன ஊரான பாம் ஸ்பிரிங்ஸுக்கு, அனல் பறக்கும் ஜூலையில் வருகிறவனுக்கு மூளை கொஞ்சம் கம்மி என்பது வெர்னாவின் தீர்மானம். அவள் மகன் கர்ட்டிஸ் ஜூலையில்தான் வந்து இறங்கினான். மினசோட்டாவில் ஏரிக்காற்றை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எழுபத்தெட்டு வயதில் தனியாக இருக்கும் அம்மாவைத் தன் ஊர் முதியோர் இல்லத்தில் சேர்த்தே தீருவது என்று அங்கே இடமும் பிடித்து வைத்துவிட்டு வந்திருந்தான்.

இரண்டு நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை, நீச்சல்குளத்தில் முங்கிவிட்டு வந்த வெர்னாவின் காதில், அவன் மனைவியிடம் போனில் குசுகுசுப்பது விழுந்தது.

"நெலம மோசம்தான். லிப்ஸ்டிக்க ஃபிரிட்ஜுல வெச்சிருக்காங்க. நாய்க்கு ஷூ மாட்டுறாங்க. விடியக்காலம் நாலரைக்கு வாக்கிங். காருக்குள்ள அடுப்படிக் கையுறை கெடக்குது. நான் எப்படியும் கூட்டிட்டு வந்துடறேன்."

வெர்னாவுக்கு உச்சந்தலை வரை ஏறியது. பெற்ற பிள்ளை, ஒரு வார்த்தை கேட்காமல் பைத்தியப் பட்டம் கட்டிவிட்டானே! ஈரத்தலையோடு அவன் முன்னால் போய் நின்றாள்.

"போன வைடா. கடைக்குப் போறோம். நீதான் ஓட்டற."

"நானே சொல்லணும்னு இருந்தேம்மா. இனிமே நீங்க ஓட்ட வேணாம்."

"பேசாம ஏறு."

கார் விடிந்ததிலிருந்தே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தவன் "ஐயோ!" என்று கையை உதறினான். பெல்ட்டின் கொக்கியைத் தொட்டு இன்னொரு தரம் அலறினான். வெர்னா நிதானமாகக் கையுறைகளை மாட்டிக்கொண்டாள்.

"நகரு. இந்த ஊர்ல பாதிப் பேரு கார்ல இது இருக்கும். லிப்ஸ்டிக்க வெளிய வெச்சா கொழம்பாப் போயிடும். தார் ரோட்டுல நாய் கால் வெந்துடும். நாலரைக்கு வந்து பாரு, தெருவே நடக்கும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

கர்ட்டிஸ் சிவந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டே பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தான். "தப்புதாம்மா. ஆனா நீங்க கீழ விழுந்தா, தூக்க யாரு இருக்கா?"

இந்தக் கேள்வியை அவளால் கேலி செய்ய முடியவில்லை.

"விழுந்தேன்டா. மார்ச் மாசம், குளியலறையில. ரெண்டு மணி நேரம் தரையிலயே கெடந்தேன். அப்புறம் எந்திரிச்சேன்."

"சொல்லவே இல்லையேம்மா! பயமா இல்லையா?"

"பயந்தான். ராத்திரியெல்லாம் பயந்தான். அந்தப் பயத்தோட இங்கயே இருந்துக்கறேன். உங்க ஊர்ல ஜன்னலோரம் ஒக்காந்து பனிய எண்ணிக்கிட்டு என்னால இருக்க முடியாது."

மறுநாள் அவனை விமான நிலையத்துக்கு அவள்தான் ஓட்டிப் போனாள். பெட்டியை இறக்கியவன் ஜன்னலருகே குனிந்து நின்றான்.

"அடுத்த மாசம் வரட்டுமாம்மா?"

"பாக்கறதுக்குன்னா நாளைக்கே வா. கூட்டிட்டுப் போறதுக்குன்னா வராத."